8 பிட் பலகையில் சரியாக ஓடிய ஒப்பீடு 32 பிட்டில் ஏன் தவறுகிறது?

வயல்மின்னணு:

வணக்கம். சொட்டுநீர்ப் பாசன வால்வுகளைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். பழைய பலகையில் 8 பிட் ஏவிஆர் சில்லு இருந்தது. அதில் சி மொழியில் எழுதிய இந்த நிரல் பல ஆண்டுகள் சிக்கலில்லாமல் ஓடியது. புதிய பலகையில் 32 பிட் ஆர்ம் சில்லு. நேரக் கணக்குப் பகுதியில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. ஆனால் இப்போது சில வேளைகளில் வால்வு திறந்தபடியே நின்றுவிடுகிறது. பாத்தி முழுவதும் நீர் தேங்கிய பிறகுதான் தெரியவருகிறது.

மூன்று மாறிகள். மூன்றும் யுஇன்ட்16_டி, அதாவது 0 முதல் 65535 வரை மட்டும் ஏற்கும் குறியற்ற 16 பிட் முழு எண். 'இப்போது' என்பது மில்லிநொடிக்கு ஒன்று கூடும் எண்ணி; 65535-க்குப் பிறகு 0-க்குத் திரும்பும். வால்வு திறக்கும் கணத்தில் எண்ணியின் மதிப்பை 'தொடக்கம்' என்பதில் வைக்கிறோம். 'இடைவெளி' 5000. வால்வை மூடும் நிபந்தனை இதுதான்:

`இப்போது - தொடக்கம் >= இடைவெளி`

எண்ணி சுழன்று 0-க்கு வந்தாலும் குறியற்ற கழித்தல் சரியான விடையைத் தரும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். மூன்றும் ஒரே தரவினம். கலப்பு எதுவும் இல்லை. ரிலேயை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. எங்கே தேடுவது?

பிட்காவலர்:

ரிலேயை விட்டுவிடுங்கள். தவறு நீங்கள் எழுதிக் காட்டிய வரியிலேயே இருக்கிறது.

மூன்று மாறிகளும் ஒரே இனம் என்பது உண்மை. ஆனால் கழித்தல் அந்த இனத்தில் நடக்கவில்லை. இன்ட் (எதிர்ம எண்ணையும் ஏற்கும் வழக்கமான முழு எண் இனம்) என்பதைவிடச் சிறிய முழு எண் எதுவானாலும், கணக்குக்குள் நுழையும் முன் சி மொழி அதை உயர்த்திவிடும். அதன் எல்லா மதிப்புகளும் இன்ட்டுக்குள் அடங்கும் என்றால் இன்ட்டாக. அடங்காது என்றால் அதன் குறியற்ற வடிவமான அன்சைன்ட் இன்ட்டாக. சார், ஷார்ட், யுஇன்ட்8_டி, யுஇன்ட்16_டி எல்லாவற்றுக்கும் இந்த விதிதான்.

உங்கள் பழைய ஏவிஆர் பலகையில் இன்ட் என்பதே 16 பிட். அங்கே யுஇன்ட்16_டி என்பது அன்சைன்ட் இன்ட்டின் இன்னொரு பெயர். அதை உயர்த்த வேண்டியதில்லை. தொடக்கம் 65530, இப்போது 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தல் 16 பிட்டில் சுழன்று 11 வரும். சரியான விடை.

புதிய ஆர்ம் சில்லில் இன்ட் 32 பிட். 65535 வரையுள்ள எல்லா மதிப்பும் அதற்குள் அடங்கும். ஆகவே இரு பக்கமும் குறியுள்ள இன்ட்டாக உயர்ந்து, 5-இலிருந்து 65530 கழிந்து, விடை -65525. அது 5000-ஐவிடப் பெரியதா? இல்லை. வால்வு மூடாது. நேரம் போகப் போகவும் நிலைமை மாறாது. எண்ணி மீண்டும் 65535-க்கு ஏறினாலும் 65535 - 65530 = 5 தான் கிடைக்கும் உச்சம். நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது.

எத்தனை முறைக்கு ஒரு முறை நடக்கும் என்றும் கணக்கிடலாம். தொடக்கம் 60536 முதல் 65535 வரை எங்கே விழுந்தாலும் வால்வு சிக்கிக்கொள்ளும். அதாவது 65536 மதிப்புகளில் 5000. ஏறத்தாழ 13 திறப்புக்கு ஒன்று. 'சில வேளைகளில்' என்று நீங்கள் சொன்னது இதனோடு பொருந்துகிறதா என்று பதிவேட்டைப் பாருங்கள்.

திருத்தம்:

`(யுஇன்ட்16_டி)(இப்போது - தொடக்கம்) >= இடைவெளி`

இனமாற்றம் கழித்தலின் விடைக்குப் போக வேண்டும். இரு மாறிகளுக்கும் தனித்தனியாகப் போட்டால் பயனில்லை; அவை ஏற்கெனவே அந்த இனம்தான், கழிக்கும் முன் மறுபடியும் உயர்ந்துவிடும். குறியற்ற இனத்துக்கு மாற்றும்போது 65536-ஆல் வகுத்த மீதி நிற்கும் என்று சி தரநிலை உறுதி சொல்கிறது. ஆகவே -65525 மறுபடி 11 ஆகும்.

நான் எழுதுவதானால் 'கடந்தது' என்று ஒரு யுஇன்ட்16_டி மாறி வைத்து, கழித்தலின் விடையை அதில் போட்டு, அதை ஒப்பிடுவேன். அடுத்து வருகிறவர் அந்த அடைப்புக்குறிகளைத் தேவையற்றவை என்று நினைத்து நீக்கிவிட வாய்ப்பிருக்கிறது. மாறியை யாரும் அவ்வளவு எளிதாக நீக்க மாட்டார்கள்.

இரண்டாமாண்டு:

கல்லூரியில் சி படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஐயம், ஐயா. குறியற்ற எண்ணைக் கொடுத்தால் குறியுள்ள எண்ணாக ஏன் மாற்ற வேண்டும்? குறியற்றதாகவே உயர்த்தியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காதே?

பழையநிரலர்:

நல்ல கேள்வி. ஒரு காலத்தில் இரண்டு வழக்கமும் இருந்தன. தரநிலை வருவதற்கு முன், யூனிக்ஸோடு வந்த கம்பைலர்கள் பல, குறியற்றதைக் குறியற்றதாகவே உயர்த்தின. வேறு சில, மதிப்பு மாறாமல் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்து இன்ட்டாக உயர்த்தின. 1989-இல் அமெரிக்கத் தரநிலை வந்தபோது இரண்டாவது வழக்கத்தை ஏற்றார்கள்.

அதற்கு வலுவான காரணம் உண்டு. இரண்டு யுஇன்ட்8_டி மாறிகளில் 1, 2 என்று இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, விடை 0-ஐவிடச் சிறியதா என்று கேட்கிறோம். பெரும்பாலோர் எதிர்பார்ப்பது 'ஆம்'. இன்றைய விதிப்படி அதுதான் வரும். பழைய யூனிக்ஸ் வழக்கப்படி விடை மிகப்பெரிய நேர்ம எண்ணாகி 'இல்லை' என்று வந்திருக்கும். சுழற்சியை வேண்டுமென்றே பயன்படுத்துகிற எண்ணிகளுக்குத்தான் இன்றைய விதி இடையூறு.

உங்களைப் போன்ற மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டியது: ஒப்பீட்டுக் குறியின் இரு பக்கமும் நிற்கும் மாறிகளின் இனத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். உயர்த்தலும் இனமாற்றமும் முடிந்த பிறகு அந்தக் குறி எந்த இனத்தில் வேலை செய்கிறது என்று கேளுங்கள். அந்த இனத்தின் அகலம் பலகைக்குப் பலகை மாறுகிறதா என்று அடுத்துக் கேளுங்கள்.

இரண்டாமாண்டு:

அப்படியானால் யுஇன்ட்32_டி எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லையா?

பழையநிரலர்:

இன்ட் 32 பிட்டாக இருக்கும் கணினிகளில் இல்லை. அது இன்ட்டைவிடச் சிறியது அல்லவே, உயர்த்தப்படாது. ஆனால் அங்கே வேறொரு பொறி காத்திருக்கிறது. இன்ட்டையும் அன்சைன்ட் இன்ட்டையும் ஒப்பிட்டால் இன்ட்தான் குறியற்றதாக மாறும். குறியுள்ள -1, குறியற்ற 1-ஐவிடச் சிறியதா என்று கேட்டால் 'இல்லை' என்று பதில் வரும். -1 என்பது 4294967295 ஆகிவிடுகிறது.

தரவுத்தளக்காரர்:

ஒப்பீட்டின் விடையே வெட்டுப்பட்ட நிகழ்வு ஒன்றைச் சொல்லாமல் இந்த விவாதம் முழுமை பெறாது. 2012 ஜூன் மாதம் வெளியான மைஎஸ்கியூஎல், மரியாடிபி தரவுத்தளங்களின் பாதுகாப்புக் குறை அது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2012-2122 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது.

கடவுச்சொல் சரிபார்க்கும் செயற்கூறு, கணக்கிட்ட 20 பைட் சுருக்கத்தையும் (ஹேஷ்) சேமித்து வைத்த சுருக்கத்தையும், பைட்டுகளை ஒப்பிடும் மெம்கம்ப் என்ற நூலகச் செயற்கூறு கொண்டு ஒப்பிட்டது. மெம்கம்ப் தருவது இன்ட். இரண்டும் ஒன்றானால் 0. வேறுபட்டால் நேர்ம எண் அல்லது எதிர்ம எண். எவ்வளவு பெரிய எண் என்று தரநிலை சொல்வதில்லை. அந்த விடையைச் செயற்கூறு அப்படியே திருப்பி அனுப்பியது. ஆனால் செயற்கூற்றின் திரும்பும் இனம் மை_பூல். அந்தப் பதிப்புகளில் மை_பூல் என்பது வெறும் சார், ஒரே பைட்.

இன்ட்டின் கடைசி 8 பிட்டுகள் மட்டும் சாருக்குள் நின்றன. மெம்கம்ப் 256 என்றோ 512 என்றோ விடை தந்தால் கடைசி 8 பிட்டுகளும் 0. மரக்கால் நெல்லை ஆழாக்கில் கொட்டி, ஆழாக்கில் நின்றதை மட்டும் எண்ணியதுபோல் ஆயிற்று. தவறான கடவுச்சொல்லுக்கு 'பொருந்துகிறது' என்று விடை!

இணைப்புக்கு இணைப்பு ஒரு புதிய தற்செயல் எண் கலக்கப்படுவதால், அதே தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் போதும்; ஏறத்தாழ 256-இல் ஒரு முறை கதவு திறக்கும். சில நூறு முயற்சிகளுக்கு ஒரு நொடிகூட ஆகாது. பயனர் பெயர் தெரிந்தால் போதும்; ரூட் என்ற நிர்வாகியின் பெயர் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, எல்லாக் கணினியிலும் இது நடக்கவில்லை என்பதுதான். ஜிசிசி கம்பைலர் தன்னுள்ளே வைத்திருக்கும் மெம்கம்ப், சாருக்குள் அடங்கும் விடையையே தந்தது. பிஎஸ்டி நூலகமும் அப்படித்தான். லினக்ஸ் ஜிலிப்சி நூலகத்தில் எஸ்எஸ்இ எனும் செயலிக் கட்டளைகளால் விரைவாக்கப்பட்ட மெம்கம்ப் மட்டும் பெரிய எண்களைத் தந்தது. அந்த நூலகத்தின் மேல் தவறில்லை. தரநிலை அனுமதித்ததைத்தான் செய்தது. எந்த மெம்கம்ப் இணைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரே மூல நிரல் ஒரு கட்டமைப்பில் பாதுகாப்பாகவும் மற்றொன்றில் திறந்த வீடாகவும் இருந்தது. சோதனை ஓட்டி இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருத்தம் எளியது: விடையை முதலில் 0-உடன் ஒப்பிட்டு, 0 அல்லது 1 ஆக்கி, பிறகு சுருக்குவது. `மெம்கம்ப்(...) != 0` என்று எழுதினால் போதும்.

பிட்காவலர்:

> அந்தப் பதிப்புகளில் மை_பூல் என்பது வெறும் சார்

சி99-இல் வந்த உண்மையான பூல் இனமாக இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது. பூல் இனத்துக்கு மாற்றும்போது பிட்டுகள் வெட்டுப்படுவதில்லை. 0 அல்லாத எதுவும் 1 ஆகும். தாமே சாரில் பூல் செய்துகொண்ட பழைய திட்டங்கள் எல்லாவற்றிலும் இதே ஆபத்து உண்டு. கொடிகளை (பிட்டுக்கு ஒன்றாக வைக்கும் ஆம்/இல்லைக் குறிகளை) சோதிக்கும் செயற்கூறுகளைக் குறிப்பாகப் பாருங்கள். `கொடிகள் & 256` என்பதை அப்படியே சாராகத் திருப்பினால் எப்போதும் 0 தான் வரும்.

எழுத்துருப்பணி:

தமிழ் உரையைக் கையாளும் நிரல்களில் நான் அடிக்கடி சந்திக்கும் ஒன்றைச் சேர்க்கிறேன். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'க' என்ற எழுத்து மூன்று பைட்: 224, 174, 149. தமிழ் எழுத்துகள் எல்லாமே 224-இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வரும். ஆகவே 'இது தமிழ் எழுத்தாக இருக்கலாமா' என்று பார்க்கப் பலர் இப்படி எழுதுகிறார்கள்:

`எழுத்து == 224`

'எழுத்து' சார் இனம் என்றால், எக்ஸ்86 கணினியில் இந்த ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது. அங்கே சார் குறியுள்ளது. 224 என்ற பைட் -32 ஆக நிற்கிறது. இன்ட்டாக உயர்ந்தாலும் -32 தான். அதை 224-உடன் ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? ஆர்ம் லினக்ஸில் சார் குறியற்றது; அங்கே இதே வரி சரியாக ஓடும். ஆப்பிளின் ஆர்ம் கணினிகளில் மறுபடியும் குறியுள்ளது. பைட்டுகளைப் பைட்டுகளாக நடத்தும் இடத்தில் அன்சைன்ட் சார் என்று வெளிப்படையாக எழுதுங்கள். வேறு வழியில்லை.

கோப்பிலிருந்து ஒரு பைட் படிக்கும் கெட்சி செயற்கூறும் அப்படியே. அது இன்ட் தருவதற்குக் காரணம், 256 பைட் மதிப்புகளுக்கும் மேலாகக் கோப்பு முடிந்தது என்பதைச் சொல்ல இன்னொரு மதிப்பு வேண்டும் என்பதுதான். அதைச் சாரில் வாங்கி, இஓஎஃப் என்ற அந்த முடிவு மதிப்போடு ஒப்பிட்டால், குறியுள்ள கணினியில் 255 என்ற பைட் வந்தவுடன் கோப்பு முடிந்ததாக எண்ணி மடக்கு நின்றுவிடும். குறியற்ற கணினியில் மடக்கு முடியவே முடியாது. இதில் நமக்குக் கூடுதலாக ஓர் இடர் இருக்கிறது: சரியான யுடிஎஃப்-8 உரையில் 255 என்ற பைட் வரவே வராது. எவ்வளவு தமிழ்க் கோப்புகளைக் கொடுத்துச் சோதித்தாலும் எக்ஸ்86 கணினியில் இந்தப் பிழை தலைகாட்டாது. யாரோ ஒருவர் படக்கோப்பைக் கொடுக்கும்போதுதான் வெளிப்படும்.

விரைவழி:

எல்லாரும் மிகவும் நுணுக்கமாகப் போகிறீர்கள். நடைமுறையில் ஒப்பீட்டின் இரு பக்கமும் (இன்ட்) என்று போட்டுவிட்டால் கம்பைலரின் எச்சரிக்கை நீங்கும், குறிக் குழப்பமும் தீரும். நீளங்கள் எதுவும் 200 கோடியைத் தாண்டப் போவதில்லை.

பிட்காவலர்:

நண்பரே, இந்தப் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எச்சரிக்கையை நீக்குவதும் பிழையை நீக்குவதும் ஒன்றல்ல. `(இன்ட்)ஸ்ட்ர்லென்(உரை) < எல்லை` என்று எழுதினால், நீளம் 2147483648 ஆகும்போது இன்று நாம் பயன்படுத்தும் கம்பைலர்களில் இடப்பக்கம் எதிர்ம எண்ணாகிவிடும். எல்லைச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். அதன்பின் நகலெடுக்கும் செயற்கூறு உண்மையான நீளத்தை எடுத்துக்கொள்ளும்.

'தாண்டப் போவதில்லை' என்று முடிவு செய்வது நாம் அல்ல, உள்ளீட்டைக் கொடுப்பவர். 2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட லினக்ஸ் கருவக (கெர்னல்) பாதுகாப்புக் குறை, சிவிஇ-2021-33909, இதற்குச் சான்று. அவர்கள் அதற்கு வைத்த பெயர் செக்கோயா. கருவகத்தின் கோப்பமைப்பு அடுக்கில் ஓர் இடையகத்தின் (தற்காலிக நினைவிடத்தின்) அளவு, சைஸ்_டி என்ற குறியற்ற அளவு இனமாக இருந்தது. இடம் போதாதபோதெல்லாம் அது இரட்டிப்பாகும். அந்த அளவு, இன்ட் எதிர்பார்க்கும் வேறொரு செயற்கூறுக்குப் போனது. அளவு 2 ஜிபி ஆனவுடன் அங்கே -2147483648 ஆக மாறியது. இடையகத்தின் தொடக்கத்துக்கு 2 ஜிபி முன்னால் எழுத முடிந்தது. சிறப்புரிமை இல்லாத சாதாரணப் பயனர் ரூட் ஆக அது போதுமானதாயிற்று.

அதற்கு 1 ஜிபியைத் தாண்டும் நீளமுள்ள அடைவுப் பாதை தேவைப்பட்டது. அடைவுக்குள் அடைவாக அவ்வளவு நீளப் பாதையை யார் வைத்திருக்கப் போகிறார்கள்? தாக்க நினைப்பவர் வைத்திருப்பார்.

ஆகவே வரிசை முக்கியம். அகலமான இனத்தில் இருக்கும்போதே எல்லையைச் சோதியுங்கள். தேறிய பிறகு சுருக்குங்கள். `நீளம் > இன்ட்_மேக்ஸ்` என்றால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

விரைவழி:

சரி, சுருக்காமல் விரிக்கலாம் அல்லவா? எல்லாவற்றையும் லாங் ஆக்கிவிட்டால்?

பழையநிரலர்:

64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட். 64 பிட் விண்டோஸில் லாங் இன்னும் 32 பிட்தான். அங்கே நீங்கள் எதையும் விரிக்கவில்லை. விரிப்பது நல்ல எண்ணம்தான். இன்ட்64_டி என்று அகலத்தைப் பெயரிலேயே சொல்லுங்கள். 32 பிட் வரையுள்ள எல்லா இனங்களையும், குறியுள்ளதோ குறியற்றதோ, அது மதிப்பு மாறாமல் ஏற்கும். ஒப்பீடு கணித முறைப்படி நடக்கும். 64 பிட் சைஸ்_டியோடு மட்டும் அதுவும் உதவாது. அங்கே எதிர்மமா என்பதை முதலில் தனியாகக் கேட்க வேண்டும்:

`எண் < 0 || (சைஸ்_டி)எண் < அளவு`

சி++20-இல் இதற்கென்றே ஒப்பீட்டுச் செயற்கூறுகள் நூலகத்தில் வந்துவிட்டன. சி மொழியில் நாமே ஒரு சிறிய செயற்கூறு எழுதி, அதையே எங்கும் அழைப்பது நல்லது.

பிணையநிரல்:

எதிர்ம எண் என்றதும் நினைவுக்கு வருவது. தரவைப் படிக்கும் ரீட் செயற்கூறு எஸ்சைஸ்_டி என்ற குறியுள்ள எண்ணைத் தருகிறது. பிழை என்றால் -1. அதன் விடையை நேராக `சைஸ்ஆஃப்(தலைப்பகுதி)` என்பதோடு ஒப்பிட்டு, 'சிறியது என்றால் பிழை' என்று எழுதிய நிரல்களை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். சைஸ்ஆஃப் குறியற்றது. -1 மிகப்பெரிய எண்ணாகி, சோதனையைத் தாண்டிவிடுகிறது. படிக்காத தலைப்பகுதியைப் படித்ததாக எண்ணி நிரல் தொடரும். அதுவும் பிணையம் அறுபடும்போது மட்டும்தான். அந்தக் கிளையை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

வரிசையாக்கம்:

வரிசைப்படுத்தும் கியூசார்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பீட்டுச் செயற்கூறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இன்ட்64_டி நேர முத்திரைகளைக் கழித்து, விடையை இன்ட்டாகத் திருப்புகிறார்கள். வித்தியாசம் சரியாக 4294967296 என்றால் இரண்டும் சமம் என்றாகிவிடும். 300 கோடி என்றால் குறி தலைகீழாகும். கழிக்காமல் எழுதும் வழி:

`(அ > ஆ) - (அ < ஆ)`

எந்த இனத்துக்கும் பொருந்தும். விடை எப்போதும் -1, 0, 1.

வயல்மின்னணு:

அனைவருக்கும் நன்றி. 'கடந்தது' என்ற மாறியை வைத்த பிறகு வால்வுகள் ஒழுங்காக மூடுகின்றன. பதிவேட்டில் சிக்கிய திறப்புகள் எல்லாவற்றிலும் தொடக்க மதிப்பு 60536-க்கு மேல்தான் இருந்தது.

இரண்டு கேள்விகள். கம்பைலர் ஏன் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை? அடுத்து, சில உழவர்கள் 2 நிமிடம் நீர் விட வேண்டும் என்கிறார்கள். 120000 என்பது 16 பிட்டுக்குள் அடங்காது. 'இடைவெளி'யை மட்டும் யுஇன்ட்32_டி ஆக்கினால் போதுமா?

கருவிப்பெட்டி:

முதல் கேள்விக்கு. உங்கள் வரியில் கம்பைலர் எச்சரிக்க வேண்டியது எதுவும் இல்லை. உயர்த்தலில் மதிப்பு இழப்பில்லை. ஒப்பீடு இன்ட்டுக்கும் இன்ட்டுக்கும் நடக்கிறது. உங்கள் நோக்கம் சுழற்சி என்பது அதற்கு எப்படித் தெரியும்? இந்த வகையை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

மற்றவை பிடிபடும். பிணையநிரல் சொன்ன ரீட் ஒப்பீட்டை -டபிள்யூசைன்-கம்பேர் என்ற கம்பைலர் எச்சரிக்கை விருப்பம் பிடிக்கும். சி மொழிக்கு அது -டபிள்யூஎக்ஸ்ட்ரா போட்டால்தான் வரும். -டபிள்யூஆல் மட்டும் போதாது. மெம்கம்ப் விடையைச் சாராகத் திருப்புவது, கெட்சியைச் சாரில் வாங்குவது, கியூசார்ட் கழித்தல் ஆகியவற்றை -டபிள்யூகன்வர்ஷன் பிடிக்கும். ஆனால் அது -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா இரண்டிலும் சேராது. தனியாகக் கேட்க வேண்டும். பழைய நிரலில் முதல் முறை போட்டால் எச்சரிக்கைகள் கொட்டும். ஒரு கோப்பாக எடுத்துத் தீருங்கள். தீர்க்கும் வழி இனமாற்றக் குறியைப் போட்டு வாயடைப்பதாக இருக்கக் கூடாது. வெளிப்படை இனமாற்றம் போட்ட இடத்தில் எந்தக் கருவியும் மறுபடி எட்டிப் பார்க்காது.

கிளாங் கம்பைலரில் -எஃப்சானிடைஸ்=இம்ப்ளிசிட்-கன்வர்ஷன் என்ற வசதி உண்டு. மறைமுக இனமாற்றத்தில் மதிப்பு மாறினால், நிரல் ஓடும்போதே வரி எண்ணோடு சொல்லும். சில்லில் ஓட்ட முடியாவிட்டாலும், கணக்குப் பகுதியை மேசைக் கணினியில் தனியாக ஓட்டிப் பார்க்கலாம்.

பிட்காவலர்:

இரண்டாவது கேள்விக்கு: போதாது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 'இடைவெளி' மட்டும் 32 பிட் ஆனால், நீங்கள் முதலில் காட்டிய வடிவத்தில் -65525 குறியற்றதாக மாறி 4294901771 ஆகும். அது 120000-ஐவிடப் பெரியது. எண்ணி சுழன்ற கணமே வால்வு மூடிவிடும். 'கடந்தது' என்ற 16 பிட் மாறியை வைத்த வடிவத்தில், அது 65535-ஐத் தாண்டவே தாண்டாது. வால்வு மூடவே மூடாது. பலகையும் நிரலும் அப்படியே இருக்க, ஒரு மாறியின் அகலம் மட்டும் மாறியதில் எதிரெதிரான இரண்டு கோளாறுகள்.

எண்ணி, தொடக்கம், கடந்தது, இடைவெளி நான்கையும் ஒரே திருத்தத்தில் யுஇன்ட்32_டி ஆக்குங்கள். எண்ணியைக் குறுக்கீட்டுச் (இன்டரப்ட்) செயற்கூறு கூட்டுகிறது என்றால் அதையும் மறக்க வேண்டாம். உங்கள் ஆர்ம் சில்லு 32 பிட்டை ஒரே மூச்சில் படிக்கும். ஏவிஆர் பலகைகள் இன்னும் களத்தில் இருந்தால், அங்கே பைட் பைட்டாகப் படிக்கும் நடுவே எண்ணி மாறிவிடலாம். படிக்கும்போது குறுக்கீட்டை நிறுத்தி வைக்க வேண்டும்.

32 பிட் எண்ணி ஏறத்தாழ 49.7 நாளுக்கு ஒரு முறை சுழலும். அதுவரை காத்திருந்து சோதிக்க முடியாது. லினக்ஸ் கருவகத்தில் இதற்கு அருமையான வழி ஒன்றைக் கையாள்கிறார்கள்: ஜிஃபீஸ் என்ற அவர்களுடைய நேர எண்ணி 0-இல் தொடங்குவதில்லை. கணினி தொடங்கி 5 நிமிடத்தில் 32 பிட் எல்லையைத் தாண்டும்படி அதன் தொடக்க மதிப்பை வைத்திருக்கிறார்கள். சுழற்சியைத் தவறாகக் கையாளும் இயக்கி எதுவானாலும் எழுதியவரின் மேசையிலேயே தடுமாறும். நேரங்களை ஒப்பிட டைம்_ஆஃப்டர் என்ற மேக்ரோ வைத்திருக்கிறார்கள். அது தரப்படும் இரண்டும் அன்சைன்ட் லாங்தானா என்று கம்பைல் ஆகும்போதே சோதிக்கிறது. வேறு அகலத்தைக் கொடுத்தால் எச்சரிக்கை வரும்.

நீங்களும் எண்ணியை 4294900000-இல் தொடங்குங்கள். 67 நொடியில் சுழலும். 2 நிமிட வால்வு ஒன்றை மின்சாரம் வந்தவுடன் திறக்கவிட்டால், ஒவ்வொரு தொடக்கத்திலும் அந்தச் சுழற்சியின் குறுக்கே ஒரு ஒப்பீடு நடந்துவிடும்.

வயல்மின்னணு:

செய்கிறேன். தொடக்க மதிப்பைச் சோதனைப் பதிப்பில் மட்டும் வைக்கட்டுமா, களத்துக்குப் போகும் பதிப்பிலுமா?

பிட்காவலர்:

களத்துக்குப் போவதிலும் வையுங்கள். சுழற்சியில் கோளாறு இருந்தால் பெட்டியைப் பொருத்த வந்தவர் அங்கே நிற்கும்போதே தெரிந்துவிடும். 49 நாள் கழித்து, ஆள் இல்லாத இரவில் அல்ல.